வைஃபை அணுகல் புள்ளிகளின் பதிவுகளைத் தனி சர்வரில் சேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆக்சஸ் பாயின்ட் என்று நாம் அன்றாடம் சொல்லும் வைஃபை அணுகல் புள்ளி, தன்னிடம் நடப்பதையெல்லாம் ஓயாமல் எழுதிக்கொண்டேதான் இருக்கிறது. எந்தக் கைபேசி எப்போது இணைந்தது, எது கடவுச்சொல் பொருந்தாமல் திரும்பிப் போனது, ரேடியோ எந்த நொடியில் சேனலை மாற்றிக்கொண்டது என்பதெல்லாம் அதன் பதிவில் வரிவரியாக இருக்கும். ஆனால் பெரும்பாலான கருவிகளில் அந்தப் பதிவுக்கு ராம் நினைவகத்தின் ஒரு சிறு மூலை மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த இடம் நிரம்பியதும் பழைய வரிகள் உதிர்ந்து புதியவை ஏறிக்கொள்கின்றன. மின்சாரம் போனாலோ, கருவி தானாக மறுதொடக்கம் ஆனாலோ எல்லாமே ஒரேயடியாக அழிந்துவிடும். நமக்குப் பதில் தேவைப்படும் நேரத்தில்தான் அது எல்லாவற்றையும் மறந்து நிற்கும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. கையில் கைபேசியுடன் ஒருவர் ஒரு கட்டடத்தைக் கடந்து நடந்தால், அவருடைய இணைப்பின் கதை நான்கைந்து அணுகல் புள்ளிகளில் துண்டுதுண்டாகச் சிதறிக் கிடக்கும். "நேற்று மாலை கூட்டத்தின் நடுவே இணைப்பு அறுந்துவிட்டது" என்று புகார் வரும்போது, ஒவ்வொரு கருவியாக உள்நுழைந்து பார்ப்பதற்குள் அந்த வரிகள் மறைந்திருக்கும். ஆகவே, எழுதப்பட்ட அந்த நொடியிலேயே ஒவ்வொரு வரியையும் கருவிக்கு வெளியே, நிலையான ஓரிடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அதற்குரிய ஏற்பாட்டை முதலிலிருந்து கடைசிவரை இங்கே விளக்குகிறேன். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அந்தந்த மென்பொருளின் கையேட்டிலுள்ள எழுத்துக்கூட்டலைப் பின்பற்றவும்.

சிஸ்லாக் எப்படி வேலை செய்கிறது

ஏறத்தாழ எல்லா நிறுவனங்களின் அணுகல் புள்ளிகளும் பதிவை வெளியே அனுப்பப் பயன்படுத்துவது சிஸ்லாக் என்ற நெறிமுறையைத்தான். 1980களில் எரிக் ஆல்மன் என்பவர் சென்ட்மெயில் மென்பொருளுக்காக இதை உருவாக்கினார். ஆளாளுக்கு ஒருவிதமாகப் பயன்படுத்திவந்த வழக்கத்தை 2001இல், இணைய நெறிமுறைகளை விளக்கும் ஆர்எஃப்சி வரிசையின் 3164ஆம் ஆவணம் எழுத்தில் பதிவுசெய்தது. 2009இல் ஆர்எஃப்சி 5424 அதை முறையான தரநிலையாக்கியது. இன்றும் பல அணுகல் புள்ளிகள் பழைய வடிவத்திலேயே செய்தி அனுப்புகின்றன. சில, இரண்டிலும் சேராத தங்களுடைய சொந்த வடிவத்தில் அனுப்புகின்றன. இந்த ஒழுங்கின்மையை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் சர்வரில் சில முடிவுகளை ஏன் எடுக்கிறோம் என்பது விளங்கும்.

ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும் கோண அடைப்புக்குள் ஓர் எண் இருக்கும். செய்தி எந்த வகைப் பிரிவிலிருந்து வந்தது, எவ்வளவு தீவிரமானது என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லும் எண் அது: பிரிவு எண்ணை எட்டால் பெருக்கித் தீவிர எண்ணைக் கூட்டினால் கிடைப்பது. டீமன் என்ற பிரிவின் எண் 3, தகவல் என்ற நிலையின் எண் 6, எனவே 30. லோக்கல்7 பிரிவின் எண் 23. அதே தகவல் நிலையில் அது 190 ஆகும். தீவிர நிலைகள் 0 முதல் 7 வரை செல்கின்றன. 0 என்பது கருவியே பயன்படுத்த முடியாத நிலை, 3 பிழை, 4 எச்சரிக்கை, 5 கவனிக்கத்தக்கது, 6 தகவல், 7 பிழைதிருத்துவோருக்கான நுண்விவரம். எண் குறையக் குறையத் தீவிரம் கூடும் என்பதை முதன்முறை பார்ப்பவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்வது வழக்கம்.

செய்திகள் வழக்கமாக யுடிபி 514ஆம் போர்ட்டுக்கு, அதாவது சர்வரில் அந்தச் சேவைக்குரிய வாசல் எண்ணுக்கு, போகின்றன. யுடிபி என்பது தபால் பெட்டியில் அட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போவதைப் போன்றது. போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்துகொள்ளும் டிசிபி வழியாக அனுப்பினால் நம்பகம் கூடும். மறையாக்கம் வேண்டுமென்றால் டிஎல்எஸ் வழியாக 6514ஆம் போர்ட் இருக்கிறது. டிசிபி 514ஆம் எண் முறைப்படி ஆர்எஸ்எச் என்ற பழைய தொலைநிலைக் கட்டளைச் சேவைக்கு ஒதுக்கப்பட்டது. அதனால் சில ஃபயர்வால்கள் அதைச் சந்தேகத்தோடு பார்க்கும். டிசிபியைத் தேர்ந்தெடுப்பவர்கள் வேறொரு எண்ணை வைத்துக்கொள்வது நல்லது.

தொடங்கும் முன் தாளில் முடிக்க வேண்டியவை

கருவிகளைத் தொடுவதற்கு முன் ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு அணுகல் புள்ளியின் பெயர், ஐபி முகவரி, மேக் முகவரி (வன்பொருள் முகவரி), அது பொருத்தப்பட்டுள்ள இடம், அது இணைக்கப்பட்டுள்ள சுவிட்சின் பெயர், அந்தச் சுவிட்சில் கேபிள் செருகியுள்ள போர்ட்டின் எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆயினும் இந்த வழிகாட்டியின் இறுதிப் பகுதி முழுவதும் இந்தப் பட்டியலை நம்பியே நிற்கிறது. பெயரைக் கேட்டதும் இடம் தெரிய வேண்டும். "ஏபி-7" என்பதைவிட "மாடி2-வடக்கு" என்பது நள்ளிரவில் அதிகம் உதவும்.

முகவரிகள் மாறாமல் இருக்க வேண்டும். அணுகல் புள்ளிகளுக்கு, ஐபி முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி சர்வரில் முகவரியை முன்பதிவு செய்து வைத்தாலே போதும். பதிவு சர்வருக்கு மட்டும் நிலையான முகவரியைக் கைப்பட அமைத்துவிடுங்கள். சர்வரின் முகவரி ஒருநாள் மாறிப்போனால் அத்தனை அணுகல் புள்ளிகளும் யாருமற்ற முகவரிக்குச் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். யுடிபி என்பதால் ஒரு கருவிகூட முறையிடாது. இந்த வழிகாட்டியில் எடுத்துக்காட்டாக 10.20.0.0/24 என்ற நிர்வாக வலையமைப்பையும், அதில் 10.20.0.5 என்ற முகவரியில் பதிவு சர்வரையும் வைத்துக்கொள்வோம். பயனர்களின் போக்குவரத்து ஓடும் வீலேனில் (தனியாகப் பிரித்த மெய்நிகர் வலையமைப்பில்) இந்தச் செய்திகள் கலக்கவே கூடாது. சிஸ்லாக் யுடிபி செய்திகள் மறையாக்கமின்றிப் போவதால், அதே வலையமைப்பில் இருக்கும் எவரும் அவற்றைப் படிக்கலாம். அணுகல் புள்ளியின் முகவரியைப் போலியாக இட்டுப் பொய்ச் செய்தியையும் அனுப்பலாம்.

வட்டு அளவை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளலாம். 50 அணுகல் புள்ளிகள், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 20 செய்திகள், ஒரு செய்திக்குச் சராசரியாக 200 பைட் என்று வைத்தால், நிமிடத்துக்கு 1,000 செய்திகள், நாளொன்றுக்கு 14,40,000 செய்திகள், அதாவது ஏறத்தாழ 288 மெகாபைட். 90 நாள் வைத்திருந்தால் சுருக்காத நிலையில் 26 ஜிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. உங்கள் எண்ணிக்கைகள் வேறாக இருக்கும். முதல் வாரம் ஓடவிட்டு உண்மை அளவைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். சாதாரண மெய்நிகர் கணினி ஒன்றே இந்தச் சுமைக்குத் தாராளம்.

சர்வரை அமைத்தல்

லினக்ஸில் ஆர்சிஸ்லாக் என்ற மென்பொருளைப் பயன்படுத்துவதாகக் கொள்கிறேன். ஏற்கெனவே உள்ள முதன்மை அமைப்புக் கோப்பைத் திருத்தாமல், ஈடிசி கோப்பகத்தினுள் இருக்கும் ஆர்சிஸ்லாக்.டி என்ற துணைக் கோப்பகத்தில் வைஃபைக்கென்று தனிக் கோப்பு ஒன்றை உருவாக்குங்கள். அதில் எழுத வேண்டியவை நான்கு பகுதிகள்: யுடிபி வழியாகச் செய்தி வாங்கும் ஐஎம்யுடிபி என்ற மாட்யூலை ஏற்றும் வரி, கோப்பின் பெயரை உருவாக்கும் டெம்ப்ளேட், கோப்பில் எழுதப்படும் வரியின் வடிவத்துக்கான டெம்ப்ளேட், 514ஆம் போர்ட்டைத் திறந்து, அதில் வருபவற்றைத் தனி ரூல்செட் (விதித்தொகுப்பு) ஒன்றுக்கு மட்டும் அனுப்பும் வரிகள். ரூல்செட்டைத் தனியாக வைப்பதில்தான் பயன் இருக்கிறது: இல்லாவிட்டால் அணுகல் புள்ளிகளின் செய்திகள் சர்வரின் சொந்தப் பதிவுகளோடு கலந்து, இரண்டுமே படிக்க முடியாதவையாகிவிடும்.

கோப்புப் பெயர் டெம்ப்ளேட்டில் ஒவ்வொரு அணுகல் புள்ளிக்கும் தனிக் கோப்பகமும், அதனுள் ஒவ்வொரு நாளுக்கும் தனிக் கோப்பும் அமையுமாறு எழுதுங்கள். வார் கோப்பகத்தினுள் லாக், அதனுள் வைஃபை, அதனுள் அனுப்பியவரின் ஐபி முகவரி, அதனுள் ஆண்டு-மாதம்-நாள் என்ற பெயரில் கோப்பு என்பது நான் விரும்பும் அமைப்பு. இங்கே, செய்திக்குள் எழுதப்பட்டுள்ள ஹோஸ்ட்நேமை, அதாவது கருவியின் பெயரை, பயன்படுத்தாமல், ஃப்ரம்ஹோஸ்ட்-ஐபி என்ற பண்பைப் பயன்படுத்த வேண்டும். செய்தியின் தலைப்பை ஒழுங்காக எழுதாத கருவிகள் பல உண்டு என்று மேலே சொன்னேன். அவை அனுப்பும் செய்தியில் ஹோஸ்ட்நேம் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதாவது சொல் இருக்கும், ஆர்சிஸ்லாக் அதையே பெயரென்று எடுத்துக்கொண்டு விநோதப் பெயர்களில் கோப்பகங்களை உருவாக்கித் தள்ளும். அனுப்பியவர் எழுதுவதை நம்பிக் கோப்புப் பெயர் வைப்பது பாதுகாப்புக்கும் கேடு. சாய்கோடுகள் நிறைந்த பெயரை அனுப்பி வேறு கோப்பகத்தில் எழுதவைக்க ஒருவர் முயலலாம். ஐபி முகவரியில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

வரியின் டெம்ப்ளேட்டில் இரண்டு நேரங்களையும் எழுதுங்கள்: முதலில் சர்வர் செய்தியைப் பெற்ற நேரம், அதாவது டைம்ஜெனரேட்டட், அடுத்து கருவி சொன்ன நேரம், அதாவது டைம்ரிப்போர்ட்டட். இரண்டையும் ஆண்டும் நேரவலயமும் உள்ள ஆர்எஃப்சி 3339 வடிவத்தில் எழுதச் சொல்லுங்கள். பிறகு தீவிர நிலை, நிரலின் பெயர், செய்தி. கோப்பு சற்று அகலமாகும். ஆனால் நேரத்தைப் பற்றிக் கீழே சொல்லப்போகும் குழப்பம் எல்லாம் இந்த இரட்டை நேரத்தால் தீரும்.

பலரும் தவறவிடும் ஓர் அமைப்பு இருக்கிறது. ஆர்சிஸ்லாக் ஒரே சமயத்தில் திறந்து வைத்திருக்கும் இத்தகைய கோப்புகளின் எண்ணிக்கையை டைனாஃபைல்கேஷ்சைஸ் என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. அதன் இயல்பு மதிப்பு 10. உங்களிடம் 50 அணுகல் புள்ளிகள் இருந்தால், ஒவ்வொரு செய்திக்கும் ஒரு கோப்பை மூடி இன்னொன்றைத் திறக்கும் வேலை ஓயாமல் நடக்கும். நெரிசலான நேரத்தில் செய்திகள் தவறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகிறது. இதை அணுகல் புள்ளிகளின் எண்ணிக்கையைவிடச் சற்றே கூடுதலாக வைத்துவிடுங்கள்.

உபுண்டுவில் ஆர்சிஸ்லாக் தனக்கென்று உள்ள சிஸ்லாக் என்ற பயனர் கணக்கில் ஓடுகிறது. எனவே வைஃபை கோப்பகம் அந்தக் கணக்குக்கு உரியதாக இருக்க வேண்டும். பதிவுகளை வார்-லாக்கிற்கு வெளியே வைத்தால் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பு தடுக்கக்கூடும். ரெட் ஹேட் வகை அமைப்புகளில் 514 தவிர்த்த வேறு போர்ட்டைத் தேர்ந்தெடுத்தால், எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்புக்கு அந்தப் போர்ட்டை செமனேஜ் கட்டளையால் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கும். அமைப்புக் கோப்பை எழுதி முடித்ததும், சேவையை மறுதொடக்கம் செய்வதற்கு முன், ஆர்சிஸ்லாக்டி நிரலை என்1 என்ற தேர்வுடன் இயக்கி எழுத்துப்பிழை இருக்கிறதா என்று சோதியுங்கள். ஃபயர்வாலில் 10.20.0.0/24 வலையமைப்பிலிருந்து வரும் யுடிபி 514ஐ மட்டும் அனுமதியுங்கள். எல்லோருக்கும் திறந்துவைத்தால் வட்டை நிரப்ப விரும்பும் எவருக்கும் கதவைத் திறந்துவைத்தது போலாகும்.

பழைய கோப்புகளைக் கையாள லாக்ரொட்டேட் என்ற நிரலைத் தேடிப்போக வேண்டியதில்லை. கோப்பின் பெயரிலேயே தேதி இருப்பதால், தினமும் ஒருமுறை ஓடும் சிறு கிரான் பணி போதும்: இரண்டு நாளுக்கு முந்தையவற்றை ஜிஸிப் கொண்டு சுருக்கவும், 90 நாளுக்கு முந்தையவற்றை நீக்கவும் ஃபைண்ட் கட்டளையின் இரண்டு வரிகள்.

நேரம்

பதிவுகளை ஒப்பிட முடியாமல் போவதற்கு முதன்மையான காரணம் நேரக் கோளாறுதான். பெரும்பாலான அணுகல் புள்ளிகளில் மின்கலத்தோடு கூடிய கடிகாரம் கிடையாது. மின்சாரம் வந்ததும் கருவி எழும்போது அதற்கு இன்றைய தேதியே தெரியாது. சில 1970இலிருந்து தொடங்கும், ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்தமூல மென்பொருளில் ஓடுபவை போன்றவை தங்கள் கோப்புகளில் மிகச் சமீபத்தியதன் தேதியை எடுத்துக்கொள்ளும். நேரம் சொல்லும் என்டிபி சர்வரைத் தொட்ட பிறகுதான் உண்மை நேரம் வரும். ஆகவே, மறுதொடக்கம் பற்றிய முதல் சில வரிகள் பழைய தேதியுடன் வருவது இயல்பு. கருவியின் நேரத்தை மட்டும் வைத்துத் தேடினால் அவை கண்ணில் படாது. சர்வர் பெற்ற நேரத்தை முதலில் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

ஆர்எஃப்சி 3164 வடிவத்தில் மாதம், நாள், மணி, நிமிடம், நொடி மட்டுமே உண்டு. ஆண்டும் இல்லை, நேரவலயமும் இல்லை. பத்து கருவிகள் உள்ளூர் நேரத்திலும் இரண்டு உலகப் பொது நேரமான யுடிசியிலும் எழுதினால், அந்த இரண்டின் செய்திகள் வேறு மணியில் போய் நிற்கும், அது தவறென்று காட்ட செய்தியில் எந்த அடையாளமும் இருக்காது. எல்லாக் கருவிகளையும் ஒரே நேரவலயத்தில் வையுங்கள். நிர்வாக வலையமைப்பிலிருந்து இணையத்துக்கு வழியில்லாவிட்டால், பதிவு சர்வரிலேயே குரோனி என்ற நேர மென்பொருளை நிறுவி அதையே எல்லா அணுகல் புள்ளிகளுக்கும் என்டிபி சர்வராகக் கொடுத்துவிடலாம்.

அணுகல் புள்ளியின் பக்கம்

முதலில் ஒரே ஓர் அணுகல் புள்ளியை மட்டும் அமைத்துச் சோதித்து, பிறகு மற்றவற்றுக்குப் போங்கள். கேட்கப்படுவது எங்கும் ஒன்றுதான்: சர்வரின் முகவரி, போர்ட், நெறிமுறை, எந்தத் தீவிர நிலைவரை அனுப்புவது.

ஓப்பன்டபிள்யூஆர்டியில் ஈடிசி-கான்ஃபிக் கோப்பகத்திலுள்ள சிஸ்டம் என்ற கோப்பில், அடிக்கோட்டால் இணைத்த லாக்_ஐபி, லாக்_போர்ட், லாக்_புரோட்டோ என்ற மூன்று தேர்வுகளை யுசிஐ கட்டளையால் நிரப்பி, மாற்றத்தை உறுதிசெய்து, லாக் சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டும். ஹோஸ்ட்நேமையும் பட்டியலில் உள்ள பெயருக்கு மாற்றிவிடுங்கள். மைக்ரோடிக் கருவிகளில் சிஸ்டம் லாக்கிங் பகுதியில் ரிமோட் என்ற ஆக்‌ஷனுக்குச் சர்வர் முகவரியைக் கொடுத்து, வயர்லெஸ் என்ற டாபிக்கை அந்த ஆக்‌ஷனோடு இணைக்கும் விதியைச் சேர்க்க வேண்டும். முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதை மறப்பது அடிக்கடி நடக்கிறது. சிஸ்கோ ஐஓஎஸ் வகைக் கருவிகளில் லாக்கிங் ஹோஸ்ட், லாக்கிங் ட்ராப் ஆகிய கட்டளைகள். ஒன்றுக்கு மேற்பட்ட முகவரி உள்ள கருவியாக இருந்தால் லாக்கிங் சோர்ஸ்-இன்டர்ஃபேஸையும் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே கருவி இரண்டு கோப்பகங்களில் எழுதும்.

எல்லா அணுகல் புள்ளிகளையும் ஒரே கன்ட்ரோலர் கொண்டு நிர்வகிக்கும் அமைப்புகளில் அமைப்பை ஓரிடத்தில் எழுதினால் போதும் என்பது வசதிதான். ஆனால் செய்தியை அனுப்புவது கன்ட்ரோலரா, ஒவ்வோர் அணுகல் புள்ளியுமா என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஃபயர்வாலில் யாரை அனுமதிப்பது, கோப்பகங்கள் யாருடைய பெயரில் உருவாகும் என்பவை அதைப் பொறுத்தவை. கையேட்டைப் படித்து ஊகிப்பதைவிட, அடுத்த பகுதியில் சொல்லும் பாக்கெட் பிடிப்பால் கண்ணால் பார்த்துவிடுவது விரைவு.

தீவிர நிலையில் 6, அதாவது தகவல் நிலைவரை அனுப்பச் சொல்லுங்கள். 4ஆம் நிலையோடு நிறுத்திக்கொள்வது சிக்கனம் போலத் தோன்றும். ஆனால் பயனர்கள் இணைவதும் பிரிவதும் பல கருவிகளில் தகவல் நிலையில்தான் எழுதப்படுகின்றன. அவை இல்லாத வைஃபை பதிவால் எந்தப் புகாருக்கும் பதில் சொல்ல முடியாது. 7ஆம் நிலையை ஒரு குறிப்பிட்ட சிக்கலைத் துரத்தும்போது, ஒரே கருவியில், சில மணி நேரத்துக்கு மட்டும் திறவுங்கள்.

வருகிறதா என்று பார்த்தல்

எதுவும் வரவில்லை என்றால் எல்லா அமைப்பையும் மீண்டும் மாற்றிப் பார்க்கத் தொடங்காமல், பாதையின் ஒரு முனையிலிருந்து வாருங்கள். முதலில் சர்வரில், வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கட்டளையை யுடிபி 514க்கு மட்டும் இயக்கி, அணுகல் புள்ளியில் ஏதாவது ஒரு நிகழ்வை உண்டாக்குங்கள். ஒரு கைபேசியின் வைஃபையை அணைத்துப் போட்டாலே போதும். பாக்கெட் தெரியவில்லை என்றால் கோளாறு கருவியில் அல்லது வழியில் இருக்கிறது. பாக்கெட் தெரிகிறது, கோப்பு மட்டும் உருவாகவில்லை என்றால் கோளாறு சர்வருக்குள் இருக்கிறது. இங்கே ஒரு நுட்பம் உண்டு: லினக்ஸில் உள்வரும் பாக்கெட்டை டிசிபிடம்ப் பார்ப்பது ஃபயர்வால் விதிகள் அதைத் தொடுவதற்கு முன்பு. ஆகையால் டிசிபிடம்பில் தெரிவது ஃபயர்வாலைத் தாண்டியது என்று பொருளாகாது. அடுத்துப் பார்க்க வேண்டியதே அதுதான். பிறகு எஸ்எஸ் கட்டளையால் 514இல் ஆர்சிஸ்லாக் காத்திருக்கிறதா என்றும், வேறொரு கணினியிலிருந்து லாகர் கட்டளையால் சோதனைச் செய்தி அனுப்பினால் கோப்பு உருவாகிறதா என்றும் பாருங்கள். கோப்பகத்தின் உரிமை தவறாக இருந்தால் ஆர்சிஸ்லாக் அதைத் தன்னுடைய சொந்தப் பதிவில் எழுதியிருக்கும்.

ஒரு கருவியில் எல்லாம் சரியானதும், அதன் மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் கொடுங்கள். எழுந்தபின் அது தானாகவே செய்தி அனுப்பத் தொடங்குகிறதா என்று பாருங்கள். சில கருவிகளில் அமைப்பை எழுதியபின் தனியே சேமிக்க வேண்டும், சேமிக்க மறந்தது இப்போதுதான் தெரியவரும்.

வரும் வரிகளைப் படித்தல்

பல கருவிகளின் உள்ளே ஓடுவது ஹோஸ்ட்ஏபிடி என்ற நிரல்தான்; எனவே அதன் வரிசையைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலானவை விளங்கும். ஒரு கைபேசி இணையும்போது முதலில் ஆதென்டிகேட்டட், அடுத்து அசோசியேட்டட், பின்னர் நான்கு படிச் சாவிப் பரிமாற்றம் முடிந்தது என்ற வரி. முதலிரண்டும் வந்து மூன்றாவது வரவில்லை என்றால் கடவுச்சொல்லைச் சந்தேகியுங்கள். பிஎஸ்கே மிஸ்மேட்ச் (பகிர்ந்த கடவுச்சொல் பொருந்தவில்லை) என்ற சொற்கள் உள்ள வரியும் அதையே சொல்கிறது.

பிரியும் வரிகளில் காரண எண் வரும். 3 என்றால் கைபேசி தானே விடைபெற்றது, 8ம் அவ்வாறே. 4 என்றால் நெடுநேரம் அசைவில்லாததால் அணுகல் புள்ளி அதை நீக்கியது. ஹோஸ்ட்ஏபிடியில் இந்தக் காத்திருப்பு இயல்பாக 300 நொடி. 5 என்றால் அணுகல் புள்ளியால் இதற்குமேல் ஆட்களை ஏற்க முடியவில்லை. 15 என்றால் சாவிப் பரிமாற்றம் காலம் கடந்தது. 23 என்றால், ஒவ்வொரு பயனரையும் தனித்தனியே அடையாளம் காணும் 802.1எக்ஸ் சரிபார்ப்பு தோற்றது. அப்போது அந்தச் சரிபார்ப்பைச் செய்யும் ரேடியஸ் சர்வரின் பதிவையும் பக்கத்தில் திறந்துவையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் பயனர் எல்லோரும் ஒரே நொடியில் உதிர்ந்தால், டிஎஃப்எஸ் (ரேடாருக்கு வழிவிடும் முறை) ரேடார் பற்றிய வரியைத் தேடுங்கள். ரேடார் அலை தென்பட்டதும் கருவி அந்தச் சேனலைவிட்டு உடனே விலகியாக வேண்டும், 30 நிமிடம் திரும்பக் கூடாது. மாறிப்போகும் சேனலும் ரேடாருக்குரியதாக இருந்தால், குறைந்தது 60 நொடி அமைதியாகக் கேட்ட பிறகே ஒலிபரப்ப முடியும். பயனருக்கு அது ஒரு நிமிட இருட்டு.

தனி வரிகளைவிட அவற்றின் பரவல்தான் அதிகம் சொல்லும். ஒரே கைபேசி பல அணுகல் புள்ளிகளில் தடுமாறினால் கோளாறு கைபேசியில். பல கைபேசிகள் ஒரே அணுகல் புள்ளியில் தடுமாறினால் அந்தக் கருவியிலோ அதன் ஆன்டெனாவைச் சுற்றியோ. எல்லோரும் எங்கும் ஒரே நிமிடத்தில் தடுமாறினால் வைஃபையை விட்டுவிட்டு டிஎச்சிபி, ரேடியஸ், சுவிட்ச் பக்கம் திரும்புங்கள். ஐந்து கருவிகளின் பதிவும் ஒரே சர்வரில் இருந்தால், மேக் முகவரியை வைத்து ஒரே கிரெப் (தேடல்) கட்டளையில் இந்த மூன்றில் எது என்று சொல்லிவிடலாம்.

மேக் முகவரியை நம்புவதற்கும் எல்லை உண்டு. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் கைபேசிகள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் வெவ்வேறு புனைமுகவரியை இயல்பாகவே பயன்படுத்துகின்றன. முகவரியின் இரண்டாவது குறி 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது புனைந்தது என்று கொள்ளலாம். பயனரின் கைபேசியில் அந்த வைஃபைக்கான விவரப் பக்கத்தைத் திறந்து, அங்கே காட்டும் முகவரியைக் கேட்டுப் பெறுங்கள். பெட்டியில் அச்சிட்டிருப்பது உதவாது. யார் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்பதைக் காட்டும் குறிப்பேடு இது என்பதால், கோப்பகத்தைப் படிக்கும் உரிமையைத் தேவையானவர்களுக்கு மட்டும் கொடுங்கள்; வைத்திருக்கும் நாள்களையும் தேவைக்கு மேல் நீட்டாதீர்கள்.

தவறும் செய்திகள்

வைஃபை பதிவில் ஒரு முரண் இருக்கிறது: சர்வருக்குப் போகும் இணைப்பு அறுந்தது என்ற செய்தி, அறுந்த அந்த இணைப்பின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். யுடிபி செய்தியைக் கருவி சேர்த்துவைத்து மீண்டும் அனுப்பாது. எனவே மிக முக்கியமான வரிகள்தான் தவறும். கம்பியின்றி மெஷ் முறையில் இணைந்த அணுகல் புள்ளிகளில் இது இன்னும் மோசம். கருவி எழும்போது வலையமைப்பு தயாராவதற்கு முன் எழுதப்பட்ட வரிகளும் இப்படியே போகின்றன. இதற்கு நல்ல மாற்று, சுவிட்சுகளையும் இதே சர்வருக்குச் செய்தி அனுப்பவைப்பது. அணுகல் புள்ளி சொல்லாமல் போனதை, "இன்ன போர்ட் விழுந்தது, மின்சாரம் வழங்குவது நின்றது" என்று சுவிட்ச் சொல்லிவிடும். பட்டியலில் சுவிட்ச் போர்ட்டையும் எழுதச் சொன்னது இதற்காக.

தொலைவிலுள்ள கிளைகளிலிருந்து இணையம் வழியாகச் செய்தி வர வேண்டியிருந்தால், நேரடியாக யுடிபியில் அனுப்பாதீர்கள். அங்கேயே ஒரு சிறு லினக்ஸ் கருவியில் ஆர்சிஸ்லாக்கை வைத்து, அணுகல் புள்ளிகளிடமிருந்து யுடிபியில் வாங்கி, டிஎல்எஸ் வழியாக 6514க்கு அனுப்பவையுங்கள். வட்டில் எழுதிக் காத்திருக்கும் வரிசையையும் அதில் இயக்கினால், இணைப்பு அறுந்திருந்த நேரத்துச் செய்திகள் திரும்பியதும் வந்து சேரும். சர்வரிலேயே செய்திகள் உதிர்கின்றனவா என்பதை, யுடிபி புள்ளிவிவரத்திலுள்ள பெறுதல் பிழைகளின் எண்ணிக்கை காட்டும். அது ஏறிக்கொண்டே போனால் பெறும் பஃபரைப் பெரிதாக்குங்கள்.

அமைதியைக் கண்காணித்தல்

வரும் செய்திகளுக்கு எச்சரிக்கை வைப்பவர்கள் பலர். வராத செய்திக்கு வைப்பவர்கள் குறைவு. பதிவு அனுப்புவதை நிறுத்திவிட்ட அணுகல் புள்ளி, பார்வைக்கு எந்தச் சிக்கலும் இல்லாத அணுகல் புள்ளியைப் போலவே இருக்கும். ஆகவே 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் சிறு நிரல் ஒன்றை எழுதுங்கள்: பட்டியலிலுள்ள ஒவ்வொரு முகவரிக்கும் இன்றைய கோப்பு இருக்கிறதா, அது கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்று பார்த்து, அரை மணிக்கு மேல் ஆகியிருந்தால் அந்தக் கருவிக்கு ஒரு பிங் (பதில் வருகிறதா என்ற சோதனைச் செய்தி) அனுப்ப வேண்டும்.

பிங்கும் இல்லை, பதிவும் இல்லை என்றால் கருவியோ அதன் கேபிளோ விழுந்திருக்கிறது. பிங் இருக்கிறது, பதிவு இல்லை என்றால் இரண்டு வாய்ப்புகள்: இரவு நேரம், யாரும் இல்லாததால் எழுத ஒன்றுமில்லை, அல்லது பதிவு அமைப்பு கெட்டிருக்கிறது. இவற்றைப் பிரித்தறிய, கிரான் வசதியுள்ள ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற கருவிகளில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை லாகர் கட்டளையால் ஒரு வெற்றுச் செய்தியை அனுப்பவையுங்கள். அது நின்றால் ஐயத்துக்கு இடமில்லை. அந்த வசதி இல்லாத மூடிய கருவிகளுக்கு, ஆள் நடமாட்டம் உள்ள நேரத்தில் மட்டும் இந்தச் சோதனையை ஓடவிடலாம். ஃபர்ம்வேர் புதுப்பித்த மறுநாள் காலையில் மட்டும் இந்த நிரலின் முடிவை ஒவ்வொரு கருவியாகக் கண்ணால் பாருங்கள். புதிய பதிப்பு ஏறியபின் சர்வரின் முகவரி இருந்த பெட்டி காலியாகவோ, தீவிர நிலை இயல்புக்குத் திரும்பியோ இருக்கக்கூடும்.